மனம் தேற்றும் பணியும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, வழக்கம்போல் குறளிலோ கம்பனிலோ ஒரு தலைப்பைக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதைப் பேசுங்கள், இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குழந்தைகளின் நாட்டியம் காத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால், மெட்ரிக்கோடு படிப்பை நிறுத்திக் கருணை நியமனத்தில் இரயில்வேயில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புக் கட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவுக்கு எது தோன்றும்? சம்பளப் பட்டியலும் விடுப்பு விண்ணப்பமுமே தோன்றும். அப்படிப்பட்ட ஒரு விடுப்பு விண்ணப்பத்திலிருந்துதான் இன்றைய பேச்சும் பிறந்தது.

மனநோயுற்றவர்க்கும் மனம் நொந்தவர்க்கும் துணை நின்று தேற்றும் பணி இருக்கிறதே, கவுன்சலிங் என்றும் சைக்காலஜி என்றும் பிள்ளைகள் சொல்கிறார்களே, அதனை நம் காலனிப் பிள்ளைகள் படிக்கலாமா, படித்தால் என்ன ஆவார்கள் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. ராஞ்சியில் இருந்துகொண்டு இதைப் பேசினால் சிரிப்பு வருவது இயல்பே. ஒருவன் சற்றுத் தாறுமாறாகப் பேசினால், "இவனைக் காங்கேக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று இவ்வூரார் சொல்வதை நாள்தோறும் கேட்கிறோம். நம் சென்னையில் அதனையே கீழ்ப்பாக்கம் என்பார்கள். வடக்கே இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் ஆக்ரா என்பார்கள். இம்மூன்று ஊர்களும் செய்த குற்றம், நோயாளிக்கு இடம் கொடுத்தது ஒன்றே. கண் மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி எவரேனும் குருடரைக் கேலி செய்வதுண்டா?

காங்கேயில் 1918ஆம் ஆண்டு ஐரோப்பியர்க்கென்று ஒரு மனநோய் விடுதி திறக்கப்பட்டது. அதுவே இன்றைய மத்திய மனநோய் மருத்துவ நிலையம். இந்தியர்க்கென அதற்கு அருகிலேயே 1925இல் திறந்தது, இன்று ரின்பாஸ் என்று வழங்குகிறது. பித்தம் தலைக்கேறினாலும் வெள்ளையன் வெள்ளையனாகவே இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள் போலும்! சென்னையில் இதற்கும் வெகுகாலம் முந்தி, 1794இலேயே இத்தகைய விடுதி தோன்றியது. கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871இல். அங்கே தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன் அவர்களே இந்நாட்டின் முதல் பெண் மனநோய் மருத்துவர். ஓய்வு பெற்றபின் சும்மா இராமல் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்து, 2021இல் தமது 98ஆம் வயதில் மறைந்தார். சரித்திரம் இத்துடன் போதும். விண்ணப்பத்துக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அம்மாள் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய கணவர் லோகோ பைலட், திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், நமக்குத் தம்பி போன்றவர். பெயர் வேண்டாம். இதைப் பொதுமேடையில் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறோம். எந்த ஆண்டு, எந்தப் பகுதி என்பதை மட்டும் சொல்ல வேண்டாம் என்றார். அம்மாளின் கையில் கணவரின் மூன்றாவது விடுப்பு விண்ணப்பம். முதல் இரண்டிலும் காரணம் வயிற்றுவலி. மூன்றாவதில் காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "என்ன எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை அண்ணா" என்றார் அந்த அம்மாள்.

காரணம் நமக்குத் தெரியும். அவர் ஓட்டிச் சென்ற வண்டியின் முன் ஒருவர் வந்து நின்றுவிட்டார். வேகமாகச் செல்லும் வண்டி, அவசரப் பிரேக் போட்டாலும், நிற்பதற்குள் பல நூறு மீட்டர் ஓடிவிடும். ஹாரனை அழுத்துவதைத் தவிர ஓட்டுபவர் கையில் அப்போது ஒன்றும் இல்லை. அதன்பின் கீழே இறங்கிப் பார்த்து, நேரம் குறித்து, ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சேதி கொடுத்துவிட்டு, அதே வண்டியை அவரே மேலே கொண்டு செல்ல வேண்டும். பின்னால் அமர்ந்திருக்கும் நாம், வண்டி ஏன் தாமதம் என்று கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்போம். அலுவலகத்தில் இதற்கு 'ரன் ஓவர்' என்று பெயர். இரண்டே சொல்லில் எழுதிக் கோப்பை மூடிவிடுவோம்.

ஆளை எடுக்கும்போது இரயில்வே மனத்தை மறப்பதில்லை. உதவி லோகோ பைலட் ஆக விரும்புகிறவர் கணினியில் உளத்திறன் தேர்வு எழுதியாக வேண்டும். லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ.வில் அதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆயினும் சேர்ந்தபின் மனம் நொந்தால், அதை வெளியே சொல்ல ஓட்டுநர்கள் அஞ்சுகிறார்கள். மருத்துவத் தகுதி போய்விடும், ஓட்டப்படி போய்விடும், 'டீகேட்டகரைஸ்' செய்து எங்கேனும் ஒரு மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற அச்சம்.

அந்த அச்சத்துக்குத் தூபம் போட்டவர் யார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். "தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிடாதே தம்பி, ஏ-ஒன் போய்விடும், வயிற்றுவலி என்றே எழுது" என்று புத்தி சொன்னவர் நாமே. முதல் இரண்டு விண்ணப்பங்களையும் எழுதிக் கொடுத்தவரும் நாமே. ஜகந்நாதர் கோயிலுக்கு ஒரு நடை போய் வா, மனம் சரியாகும் என்றோம். கோயிலுக்குப் போவது நல்லதே; அவரும் போனார். இரவில் கண் மூடாமல், எட்டு மாதம் இடையிடையே வண்டியும் ஓட்டினார். அதனை இன்று நினைத்தாலும் நமக்கு உடல் நடுங்குகிறது.

அந்த மூன்றாவது விண்ணப்பத்தைக் கண்ட பிறகுதான் அவரைக் காங்கேக்கு அழைத்துச் சென்றோம். ஆட்டோவில் அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வழியில் தெரிந்தவர் ஒருவர் எங்கே பயணம் என்று கேட்க, "ஒரு நிலம் பார்க்கப் போகிறோம்" என்றோம். டாக்டர் பார்த்து மருந்து எழுதினார். பிறகு வேறோர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம்பெண். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கலாம். மருத்துவர் அல்லர், மனநோய் உளவியலில் பயிற்சி பெறுகிறவர். ஹிந்தியில் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

நம் தம்பிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஹிந்தி தெரியும். சிக்னல் பேச, காய்கறி பேரம் பேச, கார்டோடு சண்டையிட அவருக்கு அந்த ஹிந்தி போதும். இதைச் சொல்லப் போதவில்லை. வாய் திறப்பார், நிறுத்திவிடுவார். ஆகவே நாம் மொழிபெயர்ப்பாளரானோம். தமிழில் அவர் முதலில் சொன்னது இது: "கடைசியில் அந்த ஆள் திரும்பிப் பார்த்தான் அண்ணா. என்னைத்தான் பார்த்தான்." அதனை ஹிந்தியில் சொன்னோம். சற்று நேரம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு, "சில நாள் நானும் அங்கேயே போய் நின்றுவிடலாமா என்றிருக்கிறது" என்றார்.

இதனை நாம் மொழிபெயர்க்கவில்லை. வெட்கமோ, அச்சமோ, கூடப் பிறந்தவனைப்போல் இருப்பவனைப் பற்றி அந்நியர் ஒருவரிடம் அவ்வாறு சொல்லலாகாது என்ற எண்ணமோ, அறியோம். "மிகவும் சோர்வாக இருக்கிறதாம்" என்று சொல்லி முடித்துவிட்டோம்.

அந்தப் பெண் நம்மைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எளிய ஹிந்தியில், "உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் கேட்பார்களா? இல்லாத எண்ணத்தை விதைத்ததாகாதா? தம்பியோ, ஆம் என்று தலையை அசைத்தார். அசைத்துவிட்டு அழுதார். எட்டு மாதத்தில் அவர் அழுது நாம் கண்டது அன்றுதான்.

இவ்வாறு கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று நெஞ்சின் பாரம் குறையவே செய்கிறது என்பது ஆராய்ச்சியில் தெளிந்த உண்மை என்று பின்னர் அறிந்தோம். அந்தப் பெண் கேட்டதோடு நிற்கவில்லை. இரவில் உடன் இருப்பவர் யார், எந்த நேரத்தில் எண்ணம் மிகுகிறது, அப்போது யாரை அழைப்பது, ஓட்டப் பணியிலிருந்து எத்தனை நாள் விலகியிருப்பது என்று ஒவ்வொன்றாக எழுதி, அவர் மனைவியையும் அழைத்துப் பேசினார். வாரம் ஒரு முறை என்று பல மாதங்கள் சென்று வந்தோம். தம்பி இன்று நலமாகப் பணியில் இருக்கிறார். வண்டி ஓட்டுகிறாரா, மேசையில் இருக்கிறாரா என்பதை நாம் சொல்லப்போவதில்லை. கூட்டம் முடிந்தபின் அதைக் கேட்டு எவரும் நம்மிடம் வரவும் வேண்டாம்.

அன்று இரவு வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பதினோராம் வகுப்பில் இருந்த நம் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?" என்றாள். விடை சொல்ல முடியவில்லை. சில மாதங்களில், தான் உளவியல் படிக்கப் போவதாகச் சொன்னாள். அப்போது மட்டும் நமக்கு விடை உடனே வந்தது: கூடாது என்றோம்.

ஏன் கூடாது? பைத்தியங்களோடு பழகினால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டி சொன்னாள். காசநோய் வார்டில் பணிபுரியும் நர்சுக்குக்கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை; மனநோயோ தொற்றுவதே இல்லை. கல்யாணச் சந்தையில் என்ன சொல்வது என்று வீட்டுக்காரி கேட்டாள். நம்முடைய கவலை வேறு. பாங்க் வேலை என்றால் தெரியும், கம்ப்யூட்டர் என்றால் தெரியும்; இதற்குப் போஸ்ட் எங்கே, கிரேடு என்ன, பென்ஷன் உண்டா? குமாஸ்தாவுக்கு வேறு எது தோன்றும்!

ஆகவே குமாஸ்தாவைப்போலவே விசாரிக்கத் தொடங்கினோம். விசாரித்ததில் அறிந்ததைச் சொல்கிறோம். நம்மைப்போல் கூடாது என்று சொல்லி நிற்கும் தகப்பன்மார் இச்சபையில் இன்னும் இருக்கக்கூடும்.

ஆள் பற்றாக்குறை மிகப் பெரிது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். அவற்றுள் நம் தமிழ்நாடும் உண்டு, நாம் பிழைக்க வந்த இந்த ஜார்க்கண்டும் உண்டு. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் அவதியுறுவதாகக் கண்டார்கள். அவர்களுள் சிகிச்சை பெறாதவர் நோய்க்குத் தக்கவாறு நூற்றுக்கு 70 முதல் 92 பேர்! 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. அதில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நிற்பது நம் தமிழ்நாடு. சட்டமும் மாறியிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் நோயாளிகள் 28 பேர் மாண்டதை முதியோர் மறந்திருக்க மாட்டீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதையே தடை செய்தது. சங்கிலியை எடுத்தாயிற்று, அந்த இடத்தில் நிற்க மனிதர் வேண்டுமே.

இனி வழிகள். மருத்துவம் படித்து அதன்மேல் மனநோய் மருத்துவத்தில் எம்.டி. பெறுவது ஒன்று, மருந்து எழுதும் உரிமை அவர்க்கே, அந்த வழி எல்லோருக்கும் தெரிந்ததே. நாம் அறியாதிருந்தவை மற்றவை. உளவியலில் பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி., பின்பு எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி., அதன்மேல் மருத்துவமனையிலேயே இரண்டாண்டுப் பயிற்சியாக எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயர் பதிந்தால் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்'. காங்கேயிலும் நிம்ஹான்ஸிலும் இதனைப் பயிற்றுவிப்பது இன்று நேற்றல்ல. ஆயினும் ஓர் எச்சரிக்கை. எம்.ஃபில். என்னும் பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு எடுத்துவிட்டது. இந்தப் படிப்புக்கு 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்குச் சலுகை கொடுத்தது. அதற்கு மாற்றாகப் புதிய படிப்புகளைக் கவுன்சில் வகுத்திருக்கிறது. ஆகையால் எவரோ சொன்னார் என்று பணம் கட்டாமல், சேரும் ஆண்டில் கவுன்சிலின் பட்டியலைப் பார்த்து, கல்லூரியின் பெயர் அதில் இருந்தால் மட்டுமே சேருங்கள்.

சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்து மனநோய்ச் சமூகப் பணியாளர் ஆகலாம்; நோயாளியின் வீடு, வேலை, உறவு இவற்றைச் சீர்ப்படுத்துபவர் அவரே. நர்சிங் படித்த நம் பெண்கள் மேலும் ஓராண்டு மனநோய் நர்சிங் டிப்ளமா பெறலாம்; வேலை கிடைப்பதில் இந்த வழியே விரைவானது என்பது நமது எண்ணம். ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்தவர்க்குப் பள்ளிக்கூடங்கள் உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது விதி. பல பள்ளிகளில் அந்த நாற்காலியில் உடற்பயிற்சி ஆசிரியர் அமர்ந்திருக்கிறார் என்பது நடப்பு. குடும்ப நீதிமன்றங்களிலும் ஆலோசகர்க்கு இடம் உண்டு. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையிலும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பணிபுரிகிறார்கள். அதன் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வேலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊதியத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டோம். அரசுப் பணியிடங்கள் குறைவு. ஒப்பந்த வேலையே மிகுதி. முதல் சில ஆண்டுகள் கம்ப்யூட்டர் படித்த பிள்ளையின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெருமூச்சு வரும். மற்றோர் ஆபத்தும் உண்டு. கவுன்சலர் என்று பலகை மாட்டுவதை நெடுங்காலம் யாரும் தட்டிக் கேட்டதில்லை; நான்கு வாரப் பயிற்சிக்குச் சான்றிதழ் கொடுத்துப் பணம் பறிப்போர் இன்றும் இருக்கிறார்கள். ஆலோசகர்கள் உள்ளிட்ட பல பணியாளர்க்குப் பதிவு வேண்டும் என்று 2021இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதை ஒட்டி, 2025 ஜூலை–ஆகஸ்டுப் பருவத்திலிருந்து உளவியலைத் தபால் வழியாகவும் இணைய வழியாகவும் கற்பிக்கலாகாது என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. நம் காலனியில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் எம்.ஏ. படிக்க எண்ணியிருந்த இரண்டு பெண்களுக்கு இது ஏமாற்றமே. ஆனால் எதிரே ஆளை உட்கார வைத்துப் பழகாமல் இந்தத் தொழிலை எப்படிக் கற்பது?

நம் மனம் இளகியது இந்த விவரங்களால் அன்று, வேறொன்றால். பிளாட்பாரத்தில் பணிபுரிவோர் அறிவார்கள்: எங்கோ ஓர் ஊரில் மனம் பிறழ்ந்தவர் கண்ட வண்டியில் ஏறி, எந்த ஊர் என்று அறியாமல் இறங்கிவிடுவார். ஆலப்புழையிலிருந்து வரும் வண்டி தமிழ்நாட்டை நெடுகக் கடந்து நம் ஹடியாவுக்கு வருகிறது. இங்கிருந்து அதே பாதையில் திரும்பியும் போகிறது. ஒருமுறை நம் நிலையத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். போலீசாரும் கேட்டார்கள், தேநீர்க் கடைக்காரரும் கேட்டார். ஊமை என்றே முடிவு செய்துவிட்டார்கள். நம் சங்கத்து அம்மாள் ஒருவர் தற்செயலாக, "சாப்பிட்டாயா அம்மா?" என்று தமிழில் கேட்க, அவள் நிமிர்ந்து பார்த்துத் தன் ஊரின் பெயரைச் சொன்னாள்.

தெருவில் அலைந்த ஒரு பெண்ணைக் கண்டு சென்னையில் இரண்டு இளம்பெண்கள் 1993இல் தொடங்கியதே பானியன் என்னும் இல்லம். தெருவில் கிடந்த மனநோயாளிகளைக் குணப்படுத்தி வீடு சேர்ப்பதற்காக மகாராஷ்டிரத்து டாக்டர் பாரத் வாட்வானி அவர்கள் 2018இல் மகசேசே விருது பெற்றார். அங்கெல்லாம் மருந்துக்கு அடுத்தபடி தேவைப்படுவது அந்த நோயாளியின் மொழியே. இன்றைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போயிருப்பவர் எத்தனை பேர்! அங்கே ஒருவனுக்கு மனம் உடைந்தால், நம் தம்பிக்கு இங்கே நேர்ந்ததேதான் அவனுக்கும் நேரும்: கூலி கேட்க அவனிடம் தமிழ் இருக்கும், நெஞ்சில் இருப்பதைச் சொல்ல இராது. வீட்டில் தமிழும் வீதியில் ஹிந்தியும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் அழுபவர்களின் பேச்சை அறிந்துகொள்வார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் போகிறதே என்று ஆண்டுதோறும் இம்மேடையில் நாம் குறைபட்டுக்கொள்கிறோம்; பேசத் தெரிந்திருப்பதன் விலையை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் மகள் இப்போது உளவியலில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாட்டிக்கு இன்னும் கோபம் தீரவில்லை. படிப்பு முடிந்து என்ன ஆவாள் என்று நாமும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. விடுமுறையில் வந்தபோது, ஒருவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்பது எப்படி என்று பயிற்சிக்காக நம்மை எதிரே உட்கார வைத்துப் பேசச் சொன்னாள். ஆபீஸ் சமாசாரமாக அரை மணி நேரம் பேசினோம். முடிவில், "அப்பா, அந்த மாமாவைப் பற்றி நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா?" என்றாள். அவரைப் பற்றி நாம் ஒரு சொல்லும் பேசவில்லை.

நாட்டியக் குழந்தைகள் திரைக்குப் பின்னால் சலங்கையோடு நிற்பது கேட்கிறது. படிப்புகள், சேர்க்கை நாட்கள், கவுன்சிலின் பட்டியலைப் பார்க்கும் முறை இவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்க நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை நாம் அங்கே இருப்போம். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் வரலாம். காரணம் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் அவரவரே எழுதட்டும்.